மண்மாரிக்குப் பிறகு...

காளமேகப் புலவர் சாபம் கொடுத்த ஊர் எது? தமிழய்யா வகுப்பில் தூங்காமல் இருந்தவர்கள் பட்டென்று சொல்லிவிடுவார்கள் - திருமலைராயன்பட்டினம்!

காரைக்காலில் இருந்து நாகூர் போகிற வழியில் இருக்கிறது. 'டி.ஆர்.பட்டினம்' என்று சொன்னால் பஸ் கண்டக்டருக்குச் சட்டென்று புரியும். 15-ம் நூற்றாண்டில் இங்கே திருமலைராயன் என்ற சிற்றரசன் ஆண்டதாகச் சொல்வார்கள். அவனுடைய சபையில் அதிமதுர கவிராயரும் அவரோடு 64 புலவர்களும் இருந்தார்களாம். வெளியூரில் இருந்து வந்து சேர்ந்த காளமேகத்துக்கு அங்கே உட்காரக்கூட இடம் கொடுக்கவில்லை. அவர் யமகண்டம் பாடி ஜெயித்துக் காட்டிய பிறகும் ராஜா முகம் கொடுக்கவில்லை. கவிஞருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. 'இந்த ஊரில் மண்மாரி பெய்யட்டும்' என்று பாடிவிட்டு நடையைக் கட்டினார். வானத்தில் இருந்து மண் கொட்டியது. ஊர் மூடிப்போனது. சுபம்... அதாவது, அசுபம்!

கதைகளில் இது ஒரு சௌகரியம். எல்லாம் ஒரே நாளில் நடந்து முடிந்துவிடும். மறுநாள் என்ன ஆயிற்று என்று யாரும் கேட்பதில்லை. ஆனால், மறுநாளும் அந்த ஊர் இருந்தது. இன்றும் இருக்கிறது. ஆறு வண்டலைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டே இருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று பட்டினச்சேரி மீனவர் குடியிருப்புக்குள் சுனாமி புகுந்து திரும்ப அதிக நேரம் ஆகவில்லை. ஆனால், அந்தக் கொஞ்ச நேரத்தை அங்கே இருந்தவர்கள் அதற்குப் பிறகு எத்தனை வருஷம் சுமந்தார்கள்!

மருத்துவத்திலும் இப்படி ஒரு மண்மாரிக் கதை உண்டு. 'பிறக்கும் முன்போ, பிறக்கும்போதோ, பிறந்த கொஞ்ச நாளிலோ மூளையில் ஒரு சேதம் நடந்தது. அதோடு முடிந்தது. இனி அது கூடாது, குறையாது' என்பதுதான் அந்தக் கதை. அந்த நிலைமைக்கு ஆங்கில வைத்தியத்தில் பெயர் செரிப்ரல் பால்ஸி. சுருக்கமாக, சி.பி. தமிழில் மூளை முடக்குவாதம் என்கிறார்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இளம்பிள்ளை வாதம் வேறு, இது வேறு. இளம்பிள்ளை வாதம் என்கிற போலியோ ஒரு வைரஸ் செய்கிற வேலை. தண்டுவடத்தில் இருக்கும் நரம்பு செல்களைத் தாக்கி, கை கால்களைத் தொளதொளவென்று ஆக்கிவிடும். சி.பி-யில் பழுது இருப்பது மூளையில். தசைகளுக்குப் போகிற உத்தரவே தாறுமாறாகப் போகும். சிலருக்குக் கை கால் விறைத்துக்கொள்ளும். சிலருக்கு உடம்பு தன்னிஷ்டத்துக்கு முறுக்கிக்கொள்ளும். சிலருக்கு நிதானம் தவறும். நாக்கும் உதடும் தசைகள்தான் என்பதால் பேச்சு குழறலாம். பேச்சு குழறுவதைப் பார்த்து 'புத்தியும் இல்லைபோல' என்று முடிவு கட்டுவது நம் ஊர் வழக்கம். பலருக்குப் புத்தி பிரமாதமாக இருக்கும். நாம்தான் அதைக் காது கொடுத்துக் கேட்பதில்லை.

சரி, இந்தக் கதையை முதலில் எழுதியவர் யார்?

வில்லியம் ஜான் லிட்டில். 1810-ல் லண்டனில் பிறந்த டாக்டர். சின்ன வயசில் போலியோ வந்து, அவருக்கே ஒரு பாதம் கோணிப்போனது. அதைச் சரிசெய்ய ஆள் தேடி 1836-ல் ஜெர்மனிக்குப் போனார். ஹானோவர் நகரத்தில் ஸ்ட்ரோமேயர் என்ற சர்ஜன், குதிகால் நரம்பு என்று நாம் சொல்லும் தசைநாரை நறுக்கிப் பாதத்தை நேராக்கினார். நோயாளியாகப் போன லிட்டில், அந்த வித்தையைக் கற்றுக்கொண்டு திரும்பி வந்தார். லண்டனில் அதற்கென்றே ஒரு மருத்துவமனை தொடங்கினார். கோணல் கை கால்களோடு குழந்தைகள் வரிசையாக வந்தார்கள்.

வந்தவர்களைப் பார்க்கப் பார்க்க அவருக்கு ஒரு விஷயம் உறைத்தது. இந்தக் குழந்தைகளில் பலர் குறைப்பிரசவத்தில் பிறந்தவர்கள், அல்லது பிரசவத்தில் மூச்சுத் திணறியவர்கள். 1861-ல் லண்டன் மகப்பேறு மருத்துவர்கள் சங்கத்தில் எழுந்து நின்று இதைச் சொன்னார். 20 வருஷ அனுபவத்தைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார். ஷேக்ஸ்பியரின் மூன்றாம் ரிச்சர்டைக்கூட உதாரணத்துக்கு இழுத்தார் - அரைகுறையாகப் பிறந்தவன் என்று தன்னையே சபித்துக்கொள்ளும் ராஜா! (2012-ல் அந்த ராஜாவின் எலும்புக்கூடு லெஸ்டர் நகரில் கிடைத்தது. பார்த்தால், முதுகெலும்பு வளைவுதான். லிட்டில் நினைத்த வியாதி இல்லை!)

பிரெஞ்சுக்காரர்கள் இந்த நோய்க்கு அவர் பெயரையே வைத்தார்கள் - 'மலாதி த லிட்டில்'. அதாவது, லிட்டிலின் நோய். 1954 வரை பிரெஞ்சுக் கொடி பறந்த மண் திருமலைராயன்பட்டினம். பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் ஆரம்பித்த மருத்துவப் பள்ளிதான் பிற்பாடு ஜிப்மராக வளர்ந்தது. அந்தக் காலத்துப் பிரெஞ்சுப் பாடப்புத்தகத்தில் இந்த வியாதிக்கு இருந்த பெயர் இதுதான்.

லிட்டிலுக்குப் பிறகு 1889-ல் வில்லியம் ஆஸ்லர். நவீன மருத்துவத்தின் பிதாமகர் என்று டாக்டர்கள் கையெடுத்துக் கும்பிடும் பெயர். பிலடெல்பியா மருத்துவமனை ஒன்றில் பார்த்த 151 நோயாளிகளை வைத்து ஒரு புத்தகம் போட்டார். தலைப்பிலேயே 'குழந்தைகளின்' என்ற வார்த்தை உட்கார்ந்துகொண்டது. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து வருபவர் ஓர் ஆச்சரியம் - சிக்மண்ட் ஃப்ராய்ட்! கனவு, ஆழ்மனசு, சோபாவில் படுக்கவைத்துப் பேச்சுக் கொடுப்பது... இதெல்லாம் பின்னாடி. அதற்கு முன்னால் வியன்னாவில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் குழந்தைகளின் நரம்பு நோய்களைப் பார்த்துக்கொண்டிருந்தார் அவர். 1891, 1893, 1897 என்று மூன்று தடவை இந்த வாதத்தைப் பற்றித் தடிதடியாக எழுதினார். எழுதிக்கொண்டே, 'ஒரே அலுப்பு' என்று நண்பருக்குக் கடிதத்தில் புலம்பவும் செய்தார்.

அலுப்போடு எழுதினாலும் மனிதர் ஒரு கேள்வியைச் சரியாகப் பிடித்தார். 'பிரசவம் சிக்கலானதால் மூளை பழுதாயிற்றா? அல்லது, கருவிலேயே ஏதோ கோளாறு இருந்ததால் பிரசவம் சிக்கலாயிற்றா?' இந்தக் கேள்வியை உலகம் கிட்டத்தட்ட 90 வருஷம் கண்டுகொள்ளவில்லை. அதுவரைக்கும் பழி யார் மேல்? பிரசவம் பார்த்த மருத்துவச்சி மேல், டாக்டர் மேல், எல்லோருக்கும் மேலாக அம்மா மேல். 1986-ல்தான் அமெரிக்காவில் கரின் நெல்சன், ஜோனாஸ் எல்லன்பெர்க் இருவரும், 50,000-க்கும் மேற்பட்ட கர்ப்பங்களைப் பின்தொடர்ந்து சேகரித்த ஒரு பெரிய கணக்கை அலசிப் பார்த்து, பிரசவ நேரத்து மூச்சுத் திணறல் காரணமாக இருப்பது கொஞ்சம் பேருக்குத்தான் என்று சொன்னார்கள். பெரும்பாலானவர்களுக்குச் சங்கதி கருவிலேயே ஆரம்பித்திருக்கிறது. ஃப்ராய்ட் சொன்னது சரி!

ஆனால், லிட்டிலும் ஃப்ராய்டும் எதைப் பற்றிச் சண்டை போட்டார்கள் பாருங்கள். 'மண்மாரி எப்போது பெய்தது?' என்பதைப் பற்றி. பெய்த பிறகு அந்த ஊரில் 40 வருஷம் குடியிருப்பவர் கதி என்ன? அது ஒருவருக்கும் கேள்வியாகவே தோன்றவில்லை.

தோன்றவே இல்லை என்று சொன்னாலும் தப்பு. 1950-களின் கடைசியில் இங்கிலாந்தில் சில டாக்டர்கள் கூடி, பழைய டாக்டரின் ஞாபகமாக 'லிட்டில் கிளப்' என்று ஒன்று வைத்துக்கொண்டார்கள். சி.பி. என்றால் என்ன என்பதற்கு 1959-ல் ஓர் இலக்கணம் எழுதினார்கள். மூளையில் உள்ள பழுது வளர்வதில்லை என்றார்கள். கூடவே இன்னொன்றும் சொன்னார்கள்: அதனால் வரும் இயக்கக் கோளாறு நிலைத்திருக்கும், ஆனால் மாறாமல் இருக்காது!

மாறாமல் இருக்காது. அதுதான் உயிரான வார்த்தை. ஐந்தே வருஷம். 1964-ல் மார்ட்டின் பாக்ஸ் ஒரு புதிய இலக்கணத்தை வெளியிட்டார். எல்லா மொழிகளிலும் சுலபமாகப் பெயர்க்க வசதியாக இருக்கட்டும் என்று ஒரே வரியாகச் சுருக்கியிருந்தார்கள். வளராத மூளையில் ஏற்பட்ட பழுதால் வரும் அசைவுக் கோளாறு, அவ்வளவுதான். உலகம் முழுக்க அது பரவியது. சுருக்கும்போது எது காணாமல் போனது? அந்த 'மாறாமல் இருக்காது'தான்.

2007-ல் வெளியான சர்வதேச இலக்கணம் பரவாயில்லை. வலிப்பு, பார்வை, புலனுணர்வு, பின்னால் வரும் எலும்பு-தசைப் பிரச்னை எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டது. ஆனாலும் மூளையைப் பொறுத்தவரை 'வளராத பழுது' என்பது அப்படியே நின்றது. நம் நாட்டின் 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகை குறைபாடுகள் பட்டியல் போடப்பட்டிருக்கின்றன. அதில் சி.பி-க்கு விளக்கம் சொல்கிற இடத்திலும் முதலில் வந்து நிற்பது இதே 'வளராத' என்ற வார்த்தைதான்.

வார்த்தையில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? நிறைய இருக்கிறது. வளராது என்று முத்திரை குத்திவிட்டால், அதைத் திரும்பப் பார்க்க வேண்டியதில்லை. குழந்தைப் பருவத்தில் பிசியோதெரபி, ஆபரேஷன், பூட்ஸ், ஸ்பெஷல் ஸ்கூல் எல்லாம் உண்டு. 18 வயசு தாண்டினால்? 'அதுதான் வளராதே, அப்புறம் என்ன?' என்று கதவு மூடிக்கொள்ளும். நம் நாட்டில் 2013-ல் ஆரம்பித்த தேசியக் குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டம் அருமையான திட்டம். பிறந்ததில் இருந்து 18 வயது வரை. அதற்கு மேல் அந்தக் கோப்பில் இடமில்லை.

'ஏன், மேலைநாட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது?' என்றால், அங்கேயும் இதே லட்சணம்தான். இங்கிலாந்தில் மருத்துவ வழிமுறைகளை வகுக்கும் 'நைஸ்' அமைப்பு, சி.பி. உள்ள பெரியவர்களுக்கென்று தனியாக வழிமுறை வெளியிட்டது 2019 ஜனவரியில். லிட்டில் மகப்பேறு சங்கத்தில் பேசி 157 வருஷம் கழித்து!

இத்தனைக்கும் சி.பி. அபூர்வமான ஒன்றில்லை. பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ இரண்டு பேருக்கு இருக்கும். ஒரு காலத்தில் நிமோனியாவும் மற்ற தொற்றுகளும் பலரைச் சின்ன வயசிலேயே கொண்டுபோயின. ஆன்டிபயாட்டிக் வந்தது. பச்சிளங்குழந்தைகளுக்கான சிகிச்சை முன்னேறியது. குழந்தைகள் பிழைத்தார்கள். பிழைத்தவர்கள் வளர்ந்தார்கள். வளர்ந்தவர்களுக்கு நரை விழுந்தது. வைத்தியப் புத்தகத்தில் மட்டும் அவர்கள் இன்னமும் குழந்தைகள்!

அவர்களுக்கு நடு வயதில் என்ன நடக்கிறது?

2000-க்குப் பிறகு ஸ்வீடனிலும் நார்வேயிலும் டாக்டர்கள் ஒரு வழியாகப் போய் அவர்களையே கேட்டார்கள். பதில் கிட்டத்தட்ட ஒரே மாதிரி வந்தது: 'முன்னாடி நடந்தேன், இப்ப முடியலை. அசதி, வலி.' ஆஸ்திரேலியாவில் இத்தகைய ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்து 2014-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். நடக்கக்கூடியவர்களில் குறைந்தது நாலில் ஒருவருக்கு நடை தளர்ந்துபோகிறது. அதுவும் அறுபதில் எழுபதில் இல்லை. பலருக்கு முப்பது, நாற்பதுகளிலேயே!

ஏன்? முதல் காரணம் உடம்பு. விறைத்த காலை இழுத்துக்கொண்டு நடப்பது, ஹேண்ட் பிரேக் போட்டபடியே காரை ஓட்டுவது மாதிரி. மற்றவர்களைவிடப் பல மடங்கு சக்தி செலவாகும். மூட்டு சீக்கிரம் தேயும். இதை ஓரளவு எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால், மூளை? 'அது அப்படியேதான் இருக்கும்' என்பதில் மட்டும் பிடிவாதம்.

இங்கேதான் விஞ்ஞானம் கொஞ்சம் உள்ளே எட்டிப் பார்த்தது. 2000-களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் மார்ட்டின் ஸ்டாட், இங்கிலாந்தில் ஜேனட் அயர் போன்றவர்கள், தலைக்கு மேல் காந்தத் துடிப்பு கொடுத்து மூளையின் வயரிங்கை ஆராய்ந்தார்கள். சாதாரணமாக, இடது மூளை வலது கையை ஆட்டும். வலது மூளை இடது கையை ஆட்டும். குழந்தை பிறக்கும்போது இரண்டு பக்கத்துக்கும் இணைப்பு உண்டு. போகப் போக ஒரு பக்கத்து வயர்கள் உதிர்ந்துவிடும். கருவிலேயே ஒரு பக்க மூளை அடிபட்ட சிலரிடம் அந்த வயர்கள் உதிராமல் நின்றுவிட்டன. நல்ல பக்க மூளையே இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டிருந்தது! பேச்சுக்கான இடம்கூட இடது மூளையில் இருந்து வலது மூளைக்குக் குடிமாறியிருந்தது.

ஆக, சி.பி. உள்ளவரின் மூளை, ஓரத்தில் ஓட்டை விழுந்த மூளை இல்லை. அந்த ஓட்டையைச் சுற்றிக்கொண்டு தன்னைத்தானே வேறு மாதிரி கட்டிக்கொண்ட மூளை. மண்மாரிக்கு மறுநாளே ஊரை மறுபடி கட்ட ஆரம்பித்துவிட்டது.

பிரமாதம்தான். ஆனால், இதற்கு ஒரு விலை உண்டு. இரண்டு பேர் வேலையை ஒருவர் பார்க்கிற ஆபீஸைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். எல்லாம் ஒழுங்காகத்தான் நடக்கும், அந்த ஒருவர் லீவு போடாத வரை. நடு வயதுக்கு மேல் எல்லோருடைய மூளையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்குகிறது, வயர்கள் பழசாகின்றன. உங்களுக்கும் எனக்கும் கையிருப்பு இருக்கிறது, சமாளிக்கிறோம். கையிருப்பை முன்கூட்டியே செலவழித்துவிட்ட மூளைக்கு, அதே சுருக்கம் சீக்கிரம் தெரிந்துவிடலாம் என்பது நரம்பியல் ஆய்வாளர்களின் கவலை. இத்தனை கோடிப் பேரைப் பாதிக்கும் விஷயத்தில், ஐம்பது வயதைத் தாண்டிய சி.பி. மூளைகளைத் தொடர்ந்து படமெடுத்துப் பார்த்த ஆய்வுகள் மிகக் குறைவு. குழந்தைகளை எடுத்த ஸ்கேன்கள் மலைபோல் குவிந்திருக்கின்றன.

பழைய பழுது வளரவில்லை என்பது உண்மைதான். ஆனால், அந்தப் பழுதை வைத்துக்கொண்டிருக்கும் மூளைக்கு வயதாகிறது. இரண்டும் ஒன்றல்ல.

இன்னொரு கோணமும் இருக்கிறது. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. மறதி நோய் எதனால் வருகிறது, எதையெல்லாம் தடுக்கலாம் என்று 'லான்செட்' மருத்துவ இதழ் ஒரு நிபுணர் குழு போட்டது. அந்தக் குழு 2024-ல் 14 காரணங்களைப் பட்டியலிட்டது. ரத்த அழுத்தம், சர்க்கரை, உடற்பயிற்சி இல்லாமை, மனச்சோர்வு, காது மந்தம், கண் மங்கல், தனிமை... இவையெல்லாம் அதில் உண்டு. சின்ன வயசில் படிப்பு கிடைக்காமல் போனதும் உண்டு!

இப்போது அந்தப் பட்டியலை சி.பி. உள்ள ஒருவரின் வாழ்க்கையோடு ஒட்டிப் பாருங்கள். பார்வையிலும் கேள்வித்திறனிலும் குறை இருக்க வாய்ப்பு அதிகம். ஓடியாட முடியாது. 2015-ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஆய்வு, சி.பி. உள்ள பெரியவர்களுக்கு சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயநோய், பக்கவாதம் எல்லாமே மற்றவர்களைவிட அதிகம் என்றது. 2019-ல் பிரிட்டன் ஆய்வு ஒன்று, மனச்சோர்வும் பதற்றமும் அதிகம் என்றது. இதெல்லாம் உடம்பு சம்பந்தப்பட்டது. பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொள்ளாதது? படிக்கட்டு மட்டும் வைத்துக் கட்டியது? விசேஷ வீட்டுக்கு எல்லோரும் கிளம்பிப் போகும்போது 'நீ இங்கேயே இரு' என்று விட்டுவிட்டுப் போவது? அது நாம் செய்வது. ஐந்து வயதில் ஸ்கூலில் இடமில்லை என்று அனுப்பப்பட்டவரின் மூளை, அறுபது வயதில் அதற்கும் சேர்த்து விலை கொடுக்கிறது.

அந்த விதத்தில் நம் நாட்டில் பள்ளிக்கூடம் கட்டிய அம்மாக்கள் மூளை வைத்தியமும் பார்த்திருக்கிறார்கள். 1966-ல் பிறந்த மாலினி சிப்புக்கு சி.பி. இங்கே டாக்டர்கள் கைவிரித்தார்கள். அவருடைய அம்மா மிது அலூர், மகளை இங்கிலாந்துக்குக் கூட்டிப்போய்ப் படிக்கவைத்தார். திரும்பி வந்து 1972-ல் பம்பாயில் ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டியைத் தொடங்கினார். மாலினி காலேஜ் முடித்து, லண்டனில் இரண்டு முதுகலைப் பட்டம் வாங்கினார். ஒற்றைச் சுண்டு விரலால் தட்டித் தட்டி எழுதிய சுயசரிதை 2011-ல் வந்தது. தலைப்பே 'ஒன் லிட்டில் ஃபிங்கர்'! அவருடைய உறவினர் ஷோனாலி போஸ் எடுத்த 'மார்கரிட்டா வித் எ ஸ்ட்ரா' படத்துக்கு மாலினிதான் தூண்டுதல்.

சென்னையில் 1985-ல் பூனம் நடராஜன் தொடங்கிய ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டிதான் பின்னர் 'வித்யாசாகர்' ஆனது. அவரும் சி.பி. உள்ள ஒரு பிள்ளையின் தாய். 2005-ல் முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகைக் குறைபாட்டுக்கான தேசிய நிறுவனம் வந்தது. 1999-ல் 'நேஷனல் டிரஸ்ட்' சட்டம் வந்தது - 'எனக்குப் பிறகு என் பிள்ளையை யார் பார்ப்பார்கள்?' என்று பெற்றவர்கள் கேட்ட கேள்விக்குப் பதிலாக. 18 வயதுக்குப் பிறகும் சட்டபூர்வமான காப்பாளரை நியமிக்க அது வழிசெய்தது. அதன் 'நிராமயா' காப்பீட்டில் ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்கு இடமுண்டு. நிறையப் பேருக்குத் தெரியாது என்பதால் சொல்லிவைக்கிறேன்.

தமிழ் சினிமாவில் ராம் இயக்கிய 'பேரன்பு' 2019-ல் வந்தது. சி.பி. உள்ள மகள் வயசுக்கு வருகிறாள், அப்பா திகைத்து நிற்கிறார். தியேட்டரில் பலர் திகைத்தது எதற்கு? இந்தப் பிள்ளைகள் வளர்வார்கள் என்பதே நமக்குப் புதுச் செய்தி! கல்கத்தாவைச் சேர்ந்த ஜீஜா கோஷ் நாற்பது வயதைக் கடந்தவர், சி.பி. உள்ளவர், உரிமைகளுக்காகப் பேசுபவர். 2012-ல் ஒரு கருத்தரங்குக்காக கோவா போக ஸ்பைஸ்ஜெட் விமானத்தில் ஏறி உட்கார்ந்தவரை இறக்கிவிட்டார்கள். அவர் விடவில்லை. 2016-ல் சுப்ரீம் கோர்ட் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது.

மறுபடி திருமலைராயன்பட்டினத்துக்கு வருவோம். அங்கே ஒரு தெருவில், 45 வயதில் சி.பி. உள்ள ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சின்ன வயதில் அவருடைய அம்மா ஏறி இறங்காத படி இருந்திருக்காது. திருநள்ளாறு, நாகூர், வேளாங்கண்ணி மூன்றும் கிட்டத்திலேயே இருக்கிற ஊராயிற்றே! வைத்தியமும் பார்த்தார்கள். பத்து வயதுக்கு மேல் தட்டுத் தடுமாறி நடந்தார், கடைத்தெரு வரை போய் வந்தார். இப்போது அம்மாவுக்கு எழுபது. அண்ணன், அண்ணியோடு இருக்கிறார்.

போன வருஷம் வரை தானே சட்டைப் பட்டன் போட்டுக்கொண்டவர், இப்போது தவறவிடுகிறார். டம்ளர் கையில் நிற்பதில்லை. சிறுநீரை அடக்க முடியவில்லை. வீட்டில் என்ன சொல்வார்கள்? 'பாவம், வயசாவுது இல்ல... இவனுக்கு எப்பவும் உள்ளதுதானே!' டாக்டரும் அவசரத்தில் அதையே சொல்லிவிட வாய்ப்பு உண்டு.

அங்கேதான் ஆபத்து. தலையும் கழுத்தும் தன்னிஷ்டத்துக்கு முறுக்கிக்கொள்ளும் வகை சி.பி. ஒன்று உண்டு என்று சொன்னேன் இல்லையா? கழுத்து வருஷக்கணக்கில் அப்படி முறுக்கிக்கொண்டே இருந்தால், கழுத்து எலும்பும் அவற்றுக்கு இடையே உள்ள வட்டுகளும் சீக்கிரம் தேயும். தேய்ந்த இடம் தண்டுவடத்தை நெரிக்கும். கை பலவீனம், நடைத் தளர்ச்சி, சிறுநீர்க் கட்டுப்பாடு போவது எல்லாம் அதன் அறிகுறிகள். 1962-லேயே அமெரிக்க டாக்டர்கள் இப்படிப்பட்டவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். பிறகு ஜப்பானிய சர்ஜன்கள் நிறைய எழுதினார்கள். எம்.ஆர்.ஐ. எடுத்தால் தெரிந்துவிடும். நேரத்தோடு பிடித்தால் ஆபரேஷன் செய்து, மேற்கொண்டு மோசமாகாமல் நிறுத்தலாம். 'சி.பி-தானே, அப்படித்தான் இருக்கும்' என்று விட்டால், நெரிபட்ட தண்டுவடம் பழையபடி ஆகாது.

எவ்வளவு விசித்திரம் பாருங்கள். 'இந்த வியாதி வளராது' என்கிறது புத்தகம். அப்படியானால், ஒருவருக்குப் புதிதாக ஒன்று முடியாமல் போனால் என்ன அர்த்தம்? வேறு ஏதோ நடக்கிறது, கண்டுபிடி என்றுதானே அர்த்தம்! நாமோ, அதையும் இந்த வியாதியின் கணக்கிலேயே எழுதிவிடுகிறோம். வளராத ஒன்றின் தலையில், வளர்வதையெல்லாம் தூக்கிப் போடுகிறோம்.

காரைக்காலில் 2016-ல் இருந்து ஜிப்மர் கிளை இருக்கிறது. அரசு மருத்துவமனை இருக்கிறது. பெரிய நரம்பியல் சோதனை என்றால் புதுச்சேரி, 130 கிலோமீட்டருக்கு மேல். நடக்க முடியாதவரைக் கூட்டிக்கொண்டு போவது ஒன்றும் லேசில்லை. ஆனாலும் வருஷத்துக்கு ஒரு தடவை ரத்த அழுத்தம், சர்க்கரை, கண், காது பார்ப்பதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. வலிப்பு மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் அளவு சரிதானா என்று கேட்கலாம். வலியால் தூக்கம் கெடுகிறதா என்று கேட்கலாம். எதிரில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசலாம். பேச்சு புரிய நேரமாகும், அவ்வளவுதான்.

இன்னும் ஒரு காரியம் வீட்டில் செய்யலாம், செலவே இல்லாமல். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, இவரால் இன்றைக்கு எதெல்லாம் தானே செய்ய முடிகிறது என்று எழுதி வையுங்கள். எத்தனை அடி நடக்கிறார், பட்டன் போடுகிறாரா, டம்ளரைப் பிடிக்கிறாரா, பெயர்கள் ஞாபகம் இருக்கிறதா என்று. ஆறு மாசம் கழித்துத் திருப்பிப் பாருங்கள். ஏதாவது குறைந்திருந்தால், அந்த நோட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். 'போன வருஷம் முடிஞ்சுது, இந்த வருஷம் ஏன் முடியலை?' என்று கேளுங்கள். 'வயசாகிறது' என்று பதில் வந்தால், 'நாற்பத்தைந்து வயசிலா டாக்டர்?' என்று இன்னொரு தடவை கேளுங்கள்.